தும்பை டீச்சர் நடத்திய பூனைப்பாட்டு

சூரைமுள் மண்டிய ஒரு காட்டில், குட்டைக்கரை ஓரமாக, முயல்கள் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தன. அங்கே ஒரே ஒரு பாடம்தான். அது ஒரு பாட்டு. பூனைப்பாட்டு என்று அதற்குப் பெயர்.

அதைக் கட்டியது யார் என்று எவருக்கும் தெரியாது. காட்டுப்பூனை எப்படி இருக்கும், எப்போது வரும், வந்தால் முயல் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகள் தாயை விட்டுத் தனியே மேயப் போய்விடுவார்கள். அதற்குள் பாட்டு மனசில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டை நடத்துகிறவள் தும்பை. இளம் முயல். தும்பைச் செடியின் அடியில் பிறந்தவள். பிறந்த செடியின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது அந்த முயல்களின் வழக்கம்.

தும்பைக்கு அந்தப் பாட்டைக் கண்டால் பயம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதல் அடியைத் தொடங்கும்போதே அவளுக்கு அடிவயிறு சில்லிட்டுவிடும். அவளுடைய தம்பி ஒரு சாயங்காலம் அறுகம்புல் தேடிப் போனவன், திரும்பி வரவில்லை. அதனால் சொற்களின் மேல் கால் படாமல் தாண்டித் தாண்டிப் பாட்டை முடித்துவிடுவாள்.

"சொல்லுங்க பிள்ளைகளா! சாம்பல் நிறத்தாள், சத்தம் இல்லாதாள், சாயும் வெயிலோடு சேர்ந்து வருவாள்!"

பிள்ளைகள் சொன்னார்கள்.

"பொருள் சொல்லுங்க. சாம்பல் நிறத்தாள் என்றால்?"

"பூனை!"

"சத்தம் இல்லாதாள் என்றால்?"

"பூனை!"

"சாயும் வெயிலோடு வருவாள் என்றால்?"

"பூனை, டீச்சர்!"

எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் என்பதால் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. காரை என்ற குண்டுப் பையன் நிஜமாகவே கண்ணை மூடியிருந்தான். அவன் தூக்கத்தில்தான் பூனை என்று சொல்கிறான் என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கண்டுபிடித்தவர் தலைமை ஆசிரியர் கிளுவை சார். ஒரு நாள் வகுப்புக்கு வந்தவர், காரையின் காதைப் பிடித்து மெல்லத் தூக்கினார். காது வந்தது. காரை எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், இவன் மழை முடிஞ்சதும் என்ன ஆவான்?"

சார் விட்டதும் அந்தக் காது மடங்கி விழுந்ததைத் தும்பை பார்த்தாள்.

"பாட்டை ருசியா நடத்துங்க. பிள்ளைங்க ஆசையா வந்து உட்காரணும். தூங்குற பிள்ளையைப் பூனை எழுப்பித் தின்னாது!"

அன்று முழுவதும் தும்பைக்குப் புல் இறங்கவில்லை. காரையின் மடங்கிய காதே கண்ணுக்குள் நின்றது. ருசியாக நடத்துவது எப்படி? அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

மறுநாள் எரிந்த மரத்தடியில் புரண்டு, உடம்பெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டாள். ஒரு கோரைப்புல் கொத்தை வாலாகக் கட்டிக்கொண்டாள். வகுப்புக்குள் பதுங்கிப் பதுங்கி நுழைந்தாள். தன் வாலே தன் காலில் தடுக்கித் தடாலென்று விழுந்தாள்.

"மியாவ்! யாருடா என் வாலை மிதிச்சது?"

ஒரு கணம் வகுப்பு திகைத்தது. பிறகு நெருஞ்சி சிரித்தாள். அந்த வகுப்பிலேயே வாயாடி அவள்தான். அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். காரை கண்ணைத் திறந்தான்.

தும்பைக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சேட்டை செய்தாள். சேட்டைக்கு நடுவே, தன்னை அறியாமல், பின்னங்காலால் தரையைத் தட்டிவிட்டாள்.

தப்!

முயல்களுக்கு அந்தச் சத்தம் விளையாட்டு இல்லை. ஆபத்தைக் கண்ட முயல்தான் பின்னங்காலால் தரையைத் தட்டும். கேட்ட முயல்கள் கேட்ட இடத்திலிருந்தே முள்ளுக்குள் பாய்ந்துவிடும். பிள்ளைகளின் காதுகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. சிரிப்பு நின்றது. நெருஞ்சி பாதி எழுந்துவிட்டாள்.

இத்தனை கஷ்டப்பட்டுச் சேர்த்த வகுப்பு கலைந்துவிடுமோ என்று தும்பை பதறினாள்.

"பயப்படாதீங்க பிள்ளைகளா! இது தாளம்! பாட்டுக்குத் தாளம்! எங்கே, நீங்களும் தட்டுங்க!"

தப்! தப்! தப்!

பிள்ளைகளுக்கு அது சொர்க்கமாக இருந்தது. வீட்டில் தட்டினால் அம்மா அடிப்பாள். இங்கே டீச்சரே தட்டச் சொல்கிறாள்! அன்று முதல் பூனைப்பாட்டு வகுப்புக்கு யாரும் தாமதமாக வரவில்லை. டீச்சர் வாலைச் சுழற்றினால் ஒரு தட்டு. விழுந்தால் இரண்டு தட்டு. "ஐயோ பூனை! நிஜப் பூனை! ஓடுங்க!" என்று அலறினால் எல்லோரும் சேர்ந்து தட்டுவார்கள். தட்டுச் சத்தத்தில் பாட்டின் சொற்கள் காதில் விழுவதில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கிளுவை சார் தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆவாரை என்ற பெண்ணின் அம்மா மட்டும் ஒரு நாள் வந்தாள்.

"டீச்சர், காலையில பருந்து ஒண்ணு தாழப் பறந்தது. நான் தரையைத் தட்டினேன். இவ ஓடாம எதிர்த்தட்டு தட்டுறா! சிரிக்க வேற செய்யறா!"

"பாட்டு மேல அவ்வளவு ஆர்வம்மா," என்றாள் தும்பை.

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, படித்தவளிடம் என்ன சொல்வது என்று நினைத்தோ என்னவோ, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தும்பைக்கு இன்னொரு லாபமும் இருந்தது. பாட்டைச் சொல்லும்போது இப்போது அடிவயிறு சில்லிடுவதில்லை. விழுந்து புரள்கிற பூனையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? தம்பி காணாமல் போன பிறகு முதல் முறையாக அவள் நன்றாகத் தூங்கினாள்.

மழை ஓயத் தொடங்கிய ஒரு நாள். வெயில் மேற்கே சரிந்து புல்நுனிகளில் நின்றது. தும்பை புல்வெளிக்கு முதுகைக் காட்டி, சாம்பல் உடம்போடு, பூனை நடை நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். திடீரென்று அவர்கள் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று.

"டீச்சர், பின்னாடி பாருங்க!" என்று நெருஞ்சி துள்ளினாள். "உங்களைவிட நல்லா நடிக்கிறாங்க! யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

தும்பை திரும்பினாள்.

புல் விலகியிருந்தது. அங்கே காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தது. வாலைப் பாதத்தைச் சுற்றிப் போட்டிருந்தது. அது எப்போது வந்தது என்பதற்கு ஒரு சத்தம்கூட இல்லை.

தும்பையின் பின்னங்கால் தானாகத் தரையை அறைந்தது.

தப்!

தப்! தப்! தப்! என்று வகுப்பு திருப்பித் தட்டியது.

"பூனை! நிஜப் பூனை! ஓடுங்க!" என்று தும்பை அலறினாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தினமும் கேட்கிற அலறல்தானே!

"இன்னிக்கு டீச்சர் பிரமாதமா பயப்படுறாங்க!" என்றான் காரை.

ஓடச் சொல்ல முயல்களிடம் இருந்தவை ஒரு தட்டும் ஓர் அலறலும்தான். இரண்டையும் தும்பையே விளையாட்டாக்கிவிட்டாள். இனி எதைச் சொல்லி இவர்களை ஓடவைப்பது?

பூனை அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசியது.

"நிறுத்தாதே டீச்சர். நடத்து. புல்லுக்குள்ளே கிடந்து பல நாளா கேட்கிறேன். நான் இப்படித்தான் வால் தடுக்கி விழுறேனா?"

"பிள்ளைங்களை விட்டுடுங்க. என்னை எடுத்துக்கங்க."

"உன்னை மட்டும் எதுக்கு? துரத்தித் துரத்தி எனக்குக் கால் வலிக்குது. இங்கே பாரு, எல்லாம் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கு. நான் பார்த்த முயல் எதுவும் இப்படி உட்கார்ந்ததில்லை. உனக்கு நான் நன்றி சொல்லணும்."

பிறகு குரலை உயர்த்திப் பிள்ளைகளைப் பார்த்தது.

"பாப்பா, நீதானே நெருஞ்சி? கிட்ட வா. என் மீசை நிஜமா, ஒட்டினதான்னு இழுத்துப் பாரு!"

"நான்! நான்!" என்று நெருஞ்சி தாவி வந்தாள்.

தும்பை குறுக்கே விழுந்தாள். "உட்காரு!"

நெருஞ்சி முகம் சுருங்கி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பூனைக்கும் அவளுக்கும் நடுவே இப்போது டீச்சர் மட்டும்தான். பூனையின் மூச்சு தும்பையின் நெற்றியில் பட்டது. அதில் பழைய ரத்தத்தின் வாடை இருந்தது.

"பாட்டு இன்னும் முடியலை," என்றாள் தும்பை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆசிரியர் வாயில் அதுதான் வந்தது.

"என்ன பாட்டு?"

"உங்களைப் பத்தின பாட்டு. எங்க பாட்டன் பூட்டன் காலத்துப் பாட்டு."

பூனை காதைச் சாய்த்தது. "என்னைப் பத்தியா? இத்தனை நாளா கேட்கிறேன். தட்டும் சிரிப்பும்தான் கேட்டுது. நடுவிலே பாட்டு ஒண்ணு இருந்துதா?"

தும்பைக்கு அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது.

"இருக்கு."

"சொல்லு. முழுசா சொல்லு. யாரும் என்கிட்ட நின்னு அதைச் சொன்னதில்லை. முடிச்சதும் நான் என் வேலையைப் பார்க்கிறேன்."

தும்பை தொடங்கினாள்.

"சாம்பல் நிறத்தாள், சத்தம் இல்லாதாள்,
சாயும் வெயிலோடு சேர்ந்து வருவாள்."

வேகமாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்தது. சாம்பல் நிறம் அங்கே இருந்தது. சத்தம் இல்லாதது அங்கே இருந்தது. சாயும் வெயில் அந்த முதுகின் மேல் கிடந்தது. அவள் குரல் மெலிந்து நூலாக வந்தது. அவள் எதையும் நடிக்கவில்லை. கையையும் காலையும் அசைக்கவில்லை.

பின்னால் யாரோ தட்டினார்கள். யாரும் திருப்பித் தட்டவில்லை.

முதலில் சிரிப்பை நிறுத்தியவன் காரை. அவன் டீச்சரின் முதுகைப் பார்த்தான். முதுகு மயிர் குத்திட்டு நின்றது. பிறகு சரிந்த வெயிலைப் பார்த்தான். பிறகு பூனையைப் பார்த்தான். பாட்டில் வருகிறவள் யார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஆவாரையின் மேல் சாய்ந்தான். அவனுடைய நடுக்கம் அவளுக்குள் போயிற்று. அவளிடமிருந்து அடுத்த பிள்ளைக்குப் போயிற்று.

தும்பை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சிரிப்பு அடங்குவதை மட்டும் கேட்டாள்.

"பார்க்கும் கண் முன்னே முதுகைக் காட்டாதே,
பயந்த கால் கொண்டு நேரே ஓடாதே.
புல்லோடு புல்லாகப் பின்னால் நகரு,
முள்ளோடு முள்ளாக மூச்சை அடக்கு."

புல் லேசாக உரசுகிற சத்தம் கேட்டது. கேட்கிறார்கள். பிள்ளைகள் பாட்டைக் கேட்கிறார்கள்!

பூனை நெற்றியைச் சுருக்கியது. "இது என்னைப் பத்தி இல்லையே."

"உங்க கண்ணைப் பத்தி."

"கண் ஒரு சொல்லோட போயிடுச்சே?"

"பொறுங்க. அடுத்தது உங்க பாதம்."

"பஞ்சு போல் பாதம், பனி போல் நடப்பாள்,
பாதத்துக்குள்ளே பத்துப் பிறை வைத்தாள்."

பூனை தன் முன்பாதத்தைத் தூக்கிப் பார்த்தது. நகங்களை மெல்ல வெளியே விட்டது. அவை வெயிலில் வளைந்து மின்னின.

"பிறையா?"

"பிறை."

"நகம்னு நினைச்சிருந்தேன்," என்றது பூனை. "பிறை நல்லாத்தான் இருக்கு. இதைக் கட்டினது ஒரு முயலா?"

"முயல்தான்."

பூனை அடுத்த பாதத்தையும் தூக்கிப் பார்த்தது. பின்னால் புல் இன்னொரு முறை உரசியது. சூரைப்புதரின் காய்ந்த இலை ஒன்று நொறுங்கியது. ஒரு கால், இன்னொரு கால், இன்னொரு கால். எத்தனை பிள்ளைகள் உள்ளே போனார்கள்? தும்பை காதை மட்டும் பின்னால் திருப்பினாள். பக்கத்தில் இன்னும் ஒரு சின்ன மூச்சு கேட்டது. நெருஞ்சி. எழுந்தால் பூனையின் பார்வையில் படுவாள்.

மிச்சம் இருந்தது பாட்டின் கடைசிப் பகுதி. தும்பை அதை வகுப்பில் நடத்தியதே இல்லை. பழைய நாட்களில் பயத்தில் விட்டுவிடுவாள். பிறகு, அதில் நடித்துக்காட்ட ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டாள். அதன் பொருள் என்ன என்று அவள் யோசித்ததும் இல்லை. இப்போது வாயைத் திறந்தபோது பொருள் தானாக வந்து நின்றது. அடிவயிறு சில்லிட்டது.

"கடைசியில் நிற்பவளே, கண்ணை மூடாதே.
உன்னைப் பார்க்கட்டும், உன்னையே பார்க்கட்டும்."

ஓர் அடி முன்னே வைத்தாள். பூனையின் கண்கள் முழுவதும் அவள் மேல் வந்தன. மஞ்சள் கண்கள். அவற்றில் ஒரு சின்ன முயல் நின்றது. அது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. சின்ன மூச்சு பின்னால் நகர்ந்தது. புல்லோடு புல்லாக, மெல்ல, இன்னும் மெல்ல.

"ஓடும் கால்களின் ஓசை ஓயும் வரை."

சூரைமுள் அசைந்து நின்றது.

"முடிஞ்சுதா?" என்றது பூனை.

"முடிஞ்சுது."

"நல்ல பாட்டு," என்றது பூனை. அப்போதுதான் அவளைத் தாண்டிப் பார்த்தது. வெறும் தரை. தட்டித் தட்டித் தேய்ந்த தரை. "பிள்ளைங்க எங்கே?"

கேட்டுக்கொண்டே பாய்ந்தது.

தும்பை நேரே ஓடவில்லை. பக்கவாட்டில் துள்ளினாள். பிறை ஒன்று அவள் காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அடுத்த துள்ளலில் சூரைமுள்ளுக்குள் விழுந்தாள். பின்னாலேயே தலையை விட்ட பூனையின் மூக்கில் முட்கள் ஏறின. அது சீறிக்கொண்டு பின்வாங்கியது.

புதருக்குள் இருட்டாக இருந்தது. தும்பை ஒவ்வொரு பிள்ளையாக மூக்கால் தொட்டுப் பார்த்தாள். காரை இருந்தான். ஆவாரை இருந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். கடைசியில், வேருக்கடியில் சுருண்டு, நெருஞ்சி இருந்தாள். யாரும் அழவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, முள்ளோடு முள்ளாகக் கிடந்தார்கள்.

வெளியே பூனை நெடுநேரம் சுற்றி வந்தது. போவதற்கு முன் புதர் ஓரம் வந்து குனிந்தது.

"டீச்சர், அடுத்த தடவை பாட்டு கேட்க மாட்டேன்."

அது போனதை யாரும் கேட்கவில்லை. அதனால் விடியும் வரை யாரும் வெளியே வரவில்லை.

மறுநாள் கிளுவை சார் கொதித்துப்போயிருந்தார்.

"கூத்து போதும் டீச்சர்! இனி பழையபடி மனப்பாடம்! பாட்டு, பொருள், மறுபடி பாட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்!"

"கூத்து என் தப்பு சார்," என்றாள் தும்பை. கிழிந்த காது எரிந்தது. "தாளம்னு சொல்லித் தட்டவெச்சது அதைவிடப் பெரிய தப்பு. இனிமே வகுப்பில யாரும் தட்ட மாட்டாங்க. ஆனா பழையபடியும் நடத்த மாட்டேன்."

"பின்னே எப்படி நடத்துவீங்க?"

அதை யோசித்துக்கொண்டே தும்பை வகுப்பை நோக்கி நடந்தாள். பிள்ளைகளை அம்மாக்கள் அனுப்பியிருப்பார்களா என்பதே சந்தேகம்தான்.

எல்லோரும் வந்திருந்தார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு காதும் நிமிர்ந்து, ஒன்று புல்வெளியின் பக்கமும் ஒன்று டீச்சரின் பக்கமும் திரும்பியிருந்தது. தும்பை வாயைத் திறப்பதற்குள் காரை கேட்டான்.

"டீச்சர், கடைசியில நிற்பவளேன்னு பாட்டில வருதே, அவங்க தப்பிச்சாங்களா?"

யாரும் அந்த வகுப்பில் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தப்பிச்சிருக்க மாட்டாங்க," என்றாள் ஆவாரை. "கடைசியில நிற்குறவங்க எப்படித் தப்பிப்பாங்க?"

"போடி! செத்துப்போயிருந்தா பாட்டை யாரு கட்டினது?" என்றாள் நெருஞ்சி.

"உள்ளே போன பிள்ளைங்க கட்டியிருக்கலாமே. கேட்டுக்கிட்டே இருந்திருப்பாங்க."

"அப்போ பிறைன்னு எப்படித் தெரியும்? கிட்ட நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்!"

எல்லோரும் தும்பையைப் பார்த்தார்கள். கிளுவை சாரும் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். திட்ட வந்தவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது," என்றாள் தும்பை. அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவள் மறைக்கவில்லை. "முதல் அடியிலேருந்து மெதுவாப் படிச்சுப் பார்ப்போம். பாட்டுக்குள்ளேயே எங்கேயாவது சொல்லியிருக்கும்."

பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். யாருக்கும் தூக்கம் வரவில்லை.

பாட்டில் உள்ளதை ஆசிரியர் தாம் உணர்ந்து சொன்னால்தான் மாணவர்கள் விழித்துக் கேட்பார்கள். மேலே பூசிய வேடிக்கை ஆபத்து வரும்போது உதிர்ந்துவிடும்.